டொரொண்டோவிலிருந்து பதினேழு மணி நேரம்

தி.நகரில் சூட்கேஸ் கடை வைத்திருக்கும் ஹபீபுர் ரஹ்மான் ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் பெட்டி வாங்க வருகிறவர்களிடம், எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம், எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று வாய் ஓயாமல் அளப்பார். அளந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவர் மனைவி அஸ்மத்துன்னிசாவும் விட்டுவிட்டாள்.

அந்த அஸ்மத்துன்னிசா ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்கால அஸர் தொழுகையை முடித்த கையோடு மந்தைவெளி வீட்டில் சாய்ந்தாள். பிறகு எழவேயில்லை. ஒரே மகன் அயான் டொரொண்டோவில் இருந்தான். மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாது, ராத்திரி இஷா தொழுகைக்குப் பிறகு அடக்கிவிடலாம் என்றார் அவளுடைய அண்ணன் கமாலுத்தீன்.

ஹபீபுர் ரஹ்மான் போனை எடுத்து இரண்டு ஏர்போர்ட்டின் பெயரையும் போட்டார். தூரம் பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் பதினேழு மணி என்று வந்தது.

"பதினேழே மணி நேரம் மச்சான். அங்க இப்பதான் விடியுது, பகல் ஃப்ளைட்ட புடிச்சான்னா நாளைக்கு அஸருக்குள்ள வந்துருவான். பெத்தவ மொகத்த அவன் பாக்க வேணாமா?"

விமான விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? பள்ளிவாசல் ஜமாஅத்தும் இசைந்தது. ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்கியது.

பாவி மனிதர்! அந்தக் கணக்கு எங்கும் நிற்காமல் நேராகப் பறக்கும் விமானத்துக்கு. அப்படியொரு விமானம் அங்கிருந்து சென்னைக்குக் கிடையாது என்பது அவருக்குத் தெரியாது.

மறுநாள் பெண்கள் குளிப்பாட்டி, வெள்ளைக் கஃபன் துணி உடுத்தி முடித்த நேரத்தில் அயான் தோஹாவிலிருந்து கூப்பிட்டான்.

"அத்தா, இப்பதான் அடுத்த ஃப்ளைட்டுல ஏறுறேன். ராத்திரி ஆயிடும். அம்மாவ வெச்சிருங்க அத்தா."

"வெச்சிருக்கேன் கண்ணு. நீ வா."

வாக்குக் கொடுத்துவிட்டார். கமாலுத்தீன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாகத்தான் பேசினார்.

"கஃபன் உடுத்தியாச்சு. மறுபடி பொட்டியில வெக்கிறதா? ஒரு நாள் முழுக்க காக்க வெச்சிட்டோம் ஹபீபு. போதும், அவள அனுப்பு."

ஹபீபுர் ரஹ்மான் மகனுக்குப் போன் போட்டார். சுவிட்ச் ஆஃப். திரும்பத் திரும்பப் போட்டார். வானத்தில் போய்க்கொண்டிருப்பவனுக்கு எப்படித் தெரிவிப்பது? அஸர் முடிந்ததும் ஜனாஸாவைத் தூக்கினார்கள். கபரில் மூன்று கைப்பிடி மண் போடும்போது, மனைவி போன துக்கத்தைவிட மகனை ஏமாற்றிய துக்கம்தான் அவர் நெஞ்சை அறுத்தது.

ஏர்போர்ட்டுக்கு வேறு யாராவது போகட்டும் என்றார்கள். "இன்னாத்துக்கு? வெச்சிருக்கேன்னு சொன்னவன் நானு, நானே போறேன்" என்று கிளம்பினார்.

அயான் ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தான். கம்பித் தடுப்புக்கு அப்பால் நின்ற தகப்பனைப் பார்த்ததும் அவன் கால்கள் தயங்கின.

"அத்தா, நீங்க ஏன் வந்தீங்க? அம்மாகூட யாரு இருக்காங்க?"