மழை நிறுத்தாத சம்பளம்

டவுன் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்து, ரப்பர் மரங்களுக்கு நடுவே தோட்டத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தோம், அம்மா, அக்கா, நான். அக்கா பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். டாக்டராவதற்கு அடுத்த உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்க வேண்டும். இங்கே அது சிங்களத்தில் மட்டுந்தான் என்று பள்ளிக்கூட அதிபர் தன்மையாகவே சொன்னார். அக்கா சிங்களம் பேசுவாள், எழுத வராது. தமிழில் படிக்க ஹட்டனுக்குப் போய், மாதாமாதம் காசு கட்டி விடுதியில் தங்க வேண்டும்.

அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். மழையில் மரம் நனைந்தால் வெட்டு இல்லை. அன்றைய சம்பளமும் இல்லை. எங்கள் பக்கத்து மழைக்கோ லீவு கிடையாது.

"நம்ம தோட்டத்து டிஸ்பென்சரி டாக்டர் ஐயாகிட்டயே கத்துக்கயேன்" என்றேன்.

"மண்டு, அவரு டாக்டர் இல்லடா, மருந்து குடுக்கிறவரு. எனக்கு உயர்தரம் முடியணும். அப்புறம் கம்பஸ்ல அஞ்சு வருஷம், ஆஸ்பத்திரியில ஒரு வருஷம் பயிற்சி. குடும்ப டாக்டராகணும்னா அதுக்கு மேலயும் படிக்கணும்."

"அது என்னா குடும்ப டாக்டர்?"

"அம்மாவுக்கு எப்ப இருந்து இருமல்னு கேக்காமலே தெரிஞ்சவங்க."

அம்மா இருமினாள். சிரிப்பை அடக்கியதால் வந்த இருமலா, நிஜ இருமலா, தெரியவில்லை. வளர்ந்த பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். எங்கே மழை பிடித்தாலும் மனம் அந்த ஏற்றத்துக்குத்தான் ஓடுகிறது.

"நான் கடை வேலைக்குப் போறேன்மா. கடைக்குள்ள மழை பெய்யாதுல்ல."

"ஒனக்கு ஸ்கூலு?"

"அக்கா முடிச்சதும் திரும்பிப் போயிருவேன்."

அம்மா என் தலையைத் தடவிவிட்டு முன்னால் ஏறினாள். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். விடுதிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அந்த வயதில் வருஷம் என்பது எனக்குப் பள்ளியில் ஆண்டுக்கொருமுறை கொடுக்கும் ஒரு சீருடைத் துணி, அவ்வளவுதான். அவள் சொன்ன வருஷங்களெல்லாம் அவளுடையவை என்றே எண்ணியிருந்தேன்.

மறுநாள் காலை சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு யட்டியாந்தோட்டை டவுனுக்கு இறங்கினேன். பலசரக்குக் கடை முதலாளி தாடியைத் தடவியபடி கேட்டார்: "எவ்வளவு காலம் நிப்பீங்க மகன்?"

"அக்கா டாக்டராகிற வரைக்கும்."

அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். நான்தான் தொடர்ந்து சிரித்தேன். பிறகு வெங்காய மூட்டையைக் காட்டினார். அழுகியதைப் பொறுக்க உட்கார்ந்தேன்.