மலை முடியாத ஊர்

கிரிவலப் பாதையை ஒட்டி வளர்ந்தவனுக்கு வழி தொலைவதென்றால் என்னவென்று தெரியாது. மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் போதும், புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். திருவண்ணாமலையில் அது சரி. ஜெனோவாவிலும் சரியாக இருக்கும் என்று நம்பினேன்.

கம்பெனி வேலையாக இத்தாலிக்குச் சில நாள் அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விமானம் ஏறியதிலும் முதல் ஆள். கடைசி நாள் மத்தியானம் ஓய்வு, இரவு விமானம். அதை விட்டால் விசா முடிந்துவிடும். அதன் பிறகு என்னை எங்கும் அனுப்ப மாட்டார்கள்.

உடன் வந்தவர்கள் துறைமுகம் பார்க்கப் போனார்கள். செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டும் என் மாமா மகன் அடிக்கடி சொல்வான்: "கோயிலப் பாத்துட்டுப் போற வெள்ளக்காரன் ஊரப் பாக்கலடா. சந்துல பூந்து போறான் பாரு, அவன்தான் பாத்தவன்." அதனால் நான் ஊருக்குப் பின்னால் நடந்தேன். மலை வலப்பக்கம் இருந்தது.

துணி காயும் சந்துகள் முடிந்து, ஜன்னல்கள் சாத்திய பெரிய குடியிருப்புகள் வந்தன. பக்கத்தில் ஓர் ஆறு. தண்ணீர் இல்லை, வெறும் கல். அக்கரையில் சரிவு முழுக்கக் கல்லறைகள். திறந்திருந்தது ஒரு பூக்கடை மட்டும். வாளி வாளியாகச் சாமந்தி வைத்திருந்தார்கள், வாசனையே வரவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது மாமா மகன் போன் செய்தான்.

"எங்கடா இருக்க?"

"மலையச் சுத்திட்டு இருக்கேன், மச்சான்."

"நல்லாக்கீதே! வெள்ளக்காரன் காசு போட்டு இங்க வந்து சுத்துறான், நீ கம்பெனி காசுல அங்க போய் சுத்துறியா?"

"வழி கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு. ஆளே காணோம்."

"மலை சோத்தாங்கைப் பக்கம்தான இருக்கு? அப்புறம் இன்னாடா பயம்? பாதில மட்டும் திரும்பிடாத."

சிரித்தான். சார்ஜ் தீர்ந்து என் போன் அணைந்தது.

பாதியில் திரும்பக் கூடாது என்பது அம்மா சொல்லி வளர்த்த வழக்கம். கால் வலித்து அழுத வயதில்கூட அவள் திரும்பவிட்டதில்லை. அதனால் நடந்தேன். அடுத்த வளைவில் மலை முடியும், கடல் தெரியும் என்று ஒவ்வொரு வளைவாகக் கடந்தேன். கடைசி வளைவில் நின்றுவிட்டேன். மலைக்குப் பின்னால் இன்னொரு மலை ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. எங்கள் மலை தனியாக நிற்கிறது; அதனால்தான் அதைச் சுற்ற முடிகிறது. இத்தனை வருடத்தில் இது எனக்குத் தோன்றியதே இல்லை.

திரும்பினேன். மலை இடப்பக்கம் வந்தது. எங்களில் இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில் மட்டும்தான். அக்கரைக் கல்லறைகளைப் பார்க்காமல் ஓடினேன். பூக்கடையை மூடியிருந்தார்கள். என் காலடிச் சத்தம் அந்தச் சாத்திய ஜன்னல்களில் பட்டுத் திரும்பி, யாரோ பின்னால் வருவது போலவே கேட்டது.

ஓட்டலில் பெட்டியை எடுக்க நேரமில்லை. பாஸ்போர்ட் சட்டைப்பையில் இருந்தது. விமான நிலையப் பஸ்ஸின் கதவு மூடும்போது உள்ளே விழுந்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் சார்ஜர் கேட்டு வாங்கினேன்.

"முடிச்சியா?" என்று மச்சான் மெசேஜில் கேட்டிருந்தான்.

"பாதில திரும்பிட்டேன்" என்று அனுப்பினேன்.

பதில் வந்தது: "அத்தகிட்ட சொல்லாத. விமானம் எறங்குனதும் மொதல்ல எனக்குப் போன் பண்ணு."

ஜன்னலுக்கு வெளியே மலைகள் வந்துகொண்டே இருந்தன.