யார் வழி வந்த வெள்ளை

என் வலது முழங்காலில் வெள்ளைத் திட்டு தெரிந்தபோது எனக்கு ஒன்பது வயது. வில்லியனூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம். வீட்டுப் பொறுப்பு அப்பாவின் அக்கா கையில் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அத்தை என்னை வெளிச்சத்தில் நிறுத்தி, திட்டின் விளிம்பை ஒட்டிப் பேனா மையால் கோடு போடுவார். அடுத்த ஞாயிறு வரை முழங்காலை நனைக்கக் கூடாது. வெள்ளை கோட்டைத் தாண்டியதா என்று அன்று பார்ப்பார். ஒவ்வொரு முறையும் தாண்டியிருந்தது.

குற்றவாளி அம்மா. மீன் குழம்பு சாப்பிட்ட தட்டிலேயே தயிர்ச்சோறு போட்டதால் வந்தது என்றார் அத்தை. அம்மா மீனை நிறுத்தினார். புளிப்பும் ஆகாதென்று புளியையும் நிறுத்தினார். என் கண்ணோரத்தில் இன்னொரு திட்டு வந்தது. அத்தை அம்மாவிடம் சொன்னார்:

"மீனும் இல்ல, புளியும் இல்ல. அப்ப இது உன் ரத்தத்துல வந்ததுடி. இவ அக்காவுக்கு மாப்பிள்ள பாக்குற நேரம். நீயும் இவளும் குருவிநத்தத்துல உங்கம்மா வூட்டுல போயி இருங்க."

அப்பா எதிர்க்கவில்லை. "பெரியாஸ்பத்திரில ஒரு தடவ காட்டிட்டு அனுப்பலாம்க்கா" என்றார். அத்தையும் உடன் வந்தார். பாண்டிச்சேரியிலிருந்தே எங்களைக் குருவிநத்தத்துக்குப் பஸ் ஏற்றிவிடுவது என்று முடிவாகியிருந்தது.

டாக்டர் திட்டுகளைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். உணர்ச்சி இருக்கிறது, குஷ்டம் இல்லை, யாருக்கும் தொற்றாது என்றார். கிருமிகளைத் தாக்க வேண்டிய உடம்பின் காவல் சக்தி, தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களையே எதிரியாக நினைத்து அழிக்கிறது. மீனுக்கும் தயிருக்கும் இதில் சம்பந்தமில்லை. பிறகு அம்மாவைத் தண்ணீர் விழுங்கச் சொன்னார். கழுத்தில் ஒரு வீக்கம் ஏறி இறங்கியது.

"தைராய்டு வீக்கம். இதுவும் உடம்பே உடம்பத் தாக்குற அந்த வகையா இருக்கலாம். ரத்தம் பாக்கணும்."

"பாத்தியாடா" என்று அத்தை அப்பாவிடம் திரும்பினார். "நான் இன்னா சொன்னேன்?"

டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: "அப்பா பக்கம் யாருக்காவது சின்ன வயசுலயே நரை உண்டா?"

அத்தை முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டார். அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அக்காவுக்கு இருபது வயசுக்குள்ள முழுசா நரைச்சிடுச்சி, டாக்டர்."

"சின்ன வயசு நரையும் இதோட சேந்து வர்றதுண்டு. அப்ப ரெண்டு பக்கமும் இருக்கலாம். இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

பஸ் நிலையத்தில் குருவிநத்தம் போகும் பாகூர் வண்டி புறப்படத் தயாராக நின்றது. அத்தை அதைக் கைகாட்டினார்.

"டாக்டரு ஆயிரம் சொல்லுவாரு. பொண்ணு கேட்டு வர்றவன் அதெல்லாம் கேப்பானா? ஏறு."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வில்லியனூர் வண்டியை நோக்கி நடந்தார்.

"நான் போவல அண்ணி. ரத்தம் பாக்க மறுபடி வரணும். நம்ம வூட்லேருந்தே வரேன்."

அப்பா இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் நின்றார். வில்லியனூர் வண்டியின் நடத்துநர் விசில் ஊதியதும் அப்பா எங்கள் பின்னால் ஏறினார். அத்தை கடைசியாக ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார். இறங்கும்வரை திரும்பவில்லை.

வெள்ளை என் கன்னம் வரை வந்தது. வந்தபோது நான் எங்கள் வீட்டில்தான் இருந்தேன்.