சித்தேரியில் நீர்த்தாவரம் இல்லை

போன வாரம் பெய்த மழையில் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்தும் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஏழெட்டு கார்கள் எருமைகளைப் போல அமைதியாக நனைந்துகொண்டு நின்றன. மோட்டார் வைத்து இறைத்தபோது படிக்கட்டு வழியாக ஒரு வாசனை மேலே ஏறி வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் இரண்டாவது மாடிப் படியில் நின்று அதை முகர்ந்துகொண்டிருந்தேன். புதுத்தண்ணீரும் வண்டலும் கோரைவேரும் கலந்த வாசனை. ஐப்பசியில் எங்கள் கால்வாயில் அடித்த அதே வாசனை.

கால்வாய் எங்கே இருந்தது என்றால், பூந்தமல்லிப் பக்கம் பாரிவாக்கத்துக்கும் நூம்பலுக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பெரியேரி, கீழே சித்தேரி. பெரியேரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் கால்வாயில் இறங்கிச் சித்தேரிக்கு வரும். நாலைந்து மாதம் தண்ணீர் நிற்கும். பிறகு வற்றி, சேறு வெடித்து, பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்படி நனைந்தும் காய்ந்தும் கிடக்கிற ஏரியோரத்தில்தான் ஆரைக்கீரை வரும். ஒரே காம்பில் நாலு இலை, யாரோ கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியதுபோல. என் அக்கா அதைப் பறித்துக் கட்டு கட்டி பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு வெளியே உட்கார்ந்து விற்பாள். எங்கள் குடும்பமே அந்தக் கூடையில்தான் நிமிர்ந்தது.

அக்கா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவள். வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, என் கையெழுத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு கர்வம். ஆங்கிலத்தில் சாய்த்துப் போட்டு, அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளிகள் எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தாவரவியல் படித்து முடித்ததும் ஏரிகளைக் கணக்கெடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஒரு தொப்பி, கழுத்தில் தொங்கவிட ஓர் அடையாள அட்டை, கட்டுக்கட்டாகப் படிவங்கள். என் பங்குக்கு வந்த ஏரிகளில் சித்தேரியும் ஒன்று. பிறந்து வளர்ந்த ஏரிக்கு அதிகாரியாகப் போவதென்றால் சும்மாவா? மே மாதத்து உச்சிவெயிலில் போய் நின்றேன். எதிரே அக்கா வந்தாள்.

"இன்னாடி ஆபீஸரம்மா, இந்த வெயில்ல இன்னாத்த தொலச்சுட்டு தேடிக்கினு கீற?"

"அக்கா, நான் ட்யூட்டில இருக்கேன். நீ போ, யாராவது பாத்தா நல்லா இருக்காது."

"தோ, போறேன் மேடம்," என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் படித்தவள் கேட்பாளா? சுற்றியிருந்த சீமைக்கருவேலத்தின் லத்தீன் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதினேன். கால்வாயில் நீரோட்டம்: இல்லை. நீர்த்தாவரங்கள்: இல்லை. கீழே கோடு, இரண்டு புள்ளி.

ஐப்பசியில் ஒருநாள் அக்கா கூடை வழிய ஆரைக்கீரையோடு வீட்டுக்கு வந்தாள்.

"இது எங்கக்கா கெடச்சுது?"

"எங்க கெடைக்கும்? சித்தேரிலதான்."

"மே மாசம் நானே போய்ப் பாத்தேனே, ஒண்ணுமே இல்லையே!"

அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "மே மாசத்துல போயி ஆரக்கீர தேடுனியா? அது தூங்கினு கீற நேரம்டி. சேத்துல மொளகு மாரி கெடக்குமே, கால்ல குத்தல?"

குத்தியது. ஆட்டுப்புழுக்கை என்று நினைத்துச் செருப்பை உதறியிருந்தேன். ஆரைக்கீரையின் வித்துகள் உறங்கும் அந்த மிளகைத்தான் கல்லூரித் தேர்வில் குறுக்குவெட்டுத் தோற்றத்தோடு வரைந்து பத்துக்குப் பத்து வாங்கியிருந்தேன்.

மறுநாள் காலை இரண்டு கட்டுக் கீரையோடு மேலாளர் முன் நின்றேன்.

"சார், சித்தேரி படிவத்தைத் திருத்தணும். நான் தப்பான மாசத்துல போயிட்டேன்."

அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "இதுல மாசத்துக்குக் கட்டமே இல்லையேம்மா. கையெழுத்து உங்களுதுதானே? ரொம்ப அழகா போட்டிருக்கீங்க." பிறகு கீரையைப் பார்த்தார். "இது சுகருக்கு நல்லதாமே?"

என் சாட்சியம் அன்றைக்கே அவர் வீட்டில் பாசிப்பருப்போடு வெந்தது. மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும், கடிதம் கிடைத்தது என்று பதில் கடிதம் கிடைத்தது. வரைபடத்தில் கால்வாய் 'பயனற்ற பள்ளம்' ஆயிற்று. பள்ளத்தை மேடாக்கி, ஏரியைப் பார்த்தபடி நாலு மாடி எழுந்தது. நான் இருப்பது அதன் இரண்டாவது மாடியில்தான். கழிப்பறை உள்ளேயே இருக்கிற வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்தக் கழிப்பறையின் தண்ணீர் எங்கே போகிறது என்று நான் விசாரிக்கவில்லை.

சித்தேரிக்குத்தான் போகிறது. மேலிருந்து வரும் தண்ணீர் நின்றுவிட்டது, வீடுகளிலிருந்து வருவது நிற்பதே இல்லை. இப்போது ஏரி காய்வதே கிடையாது. கரைக்குக் கரை வெங்காயத்தாமரை, வருடம் முழுக்கப் பச்சை. எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு அதில் பெருமை. ஊதாப் பூ பூக்கும்போது அதன் முன்னால் நின்று பிறந்தநாள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்த அன்று சங்கச் செயலாளர் என்னிடம் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை, தன்மையான மனிதர். "மேடம், நீங்க இதெல்லாம் படிச்சவங்கதானுங்களே? இந்தத் தண்ணி எங்கிருந்துங்க வருது?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். மழை பார்க்க வந்திருந்த அக்கா முந்திக்கொண்டாள்.

"அது எங்க சார் வருது? அது பாட்டுக்குப் போய்க்கினு கீது. நீங்கதான் குறுக்கால கார உட்டுட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் கூட்டம் போட்டு, வாசலில் இரண்டடி உயரத்துக்குச் சுவர் எழுப்புவதென்று தீர்மானித்தார்கள். நானும் கை தூக்கினேன்.

அக்கா இன்னும் பேருந்து நிலையத்துக்கு வெளியேதான் உட்கார்கிறாள். கோயம்பேட்டிலிருந்து வாங்கிவரும் சிறுகீரையும் முளைக்கீரையும் விற்கிறாள். பழைய வாடிக்கைக்காரர்கள், முக்கியமாகச் சர்க்கரைக்காரர்கள், இன்னும் ஆரைக்கீரை கேட்கிறார்கள்.

"சீசன் இல்லம்மா," என்கிறாள்.

கொட்டுகிற ஐப்பசி மழையிலும் அதையேதான் சொல்கிறாள். நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்கும்போதும், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதில்லை.