ஒருத்தி மட்டும் ஓடவில்லை

எனக்கு அறுபத்தொன்பது வயது. பெற்றது நான்கு. தங்கச்சி விட்டுவிட்டுப் போனதையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்தும் எப்படி வளர்ந்திருக்கின்றன என்று ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் இதை எழுதுகிறாள்.

இது நடந்தது போன வருஷம் கோடையில். மரக்காணம் உப்பளத்தை ஒட்டின மாதிரி எங்கள் வீடு. அதன் பின்பக்கத்தில் நடந்தது.

என் கடைசி மகனுக்குத் திண்டிவனம் பக்கம் பெண் எடுத்தோம். எழுதுகிறாளே, இந்தப் பேத்தியின் அம்மா. வந்த நாளிலிருந்தே மேல்படிப்பு படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மகள் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் பொறுத்திருந்து, தபால் மூலம் எம்.ஏ. சேர்ந்தாள். வணிகப் பொருளாதாரமாம். பரீட்சையெல்லாம் பாஸ். கடைசியில் ஓர் ஆராய்ச்சி எழுதிக் கொடுத்து, பெரிய வாத்தியார்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் தடவை எழுதினதை, போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவையும் தவறினால் சேர்ந்த கெடு முடிந்துவிடும், இத்தனை வருஷம் படித்ததற்கும் பட்டம் கிடையாது.

இரண்டாவது தடவை எதை எழுதுவது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் என்னிடம் கேட்டாள்.

"மழை வந்தா உப்பை மூட ஓடுறீங்களே அத்தை, அதுக்குத் தனியா கூலி உண்டா?"

"கூலியா? அதுக்குப் போய் எவளாவது கூலி கேப்பாளா?" என்றேன்.

அதையே பிடித்துக்கொண்டாள்.

எங்கள் பக்கம் வழக்கம் இதுதான். அளத்தில் வாரிக் குவித்த உப்பு வெட்டவெளியில் கிடக்கும். மேகம் திரண்டால் யாராவது ஒருத்தி குரல் கொடுப்பாள். காதில் விழுந்தவள் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓட வேண்டும். யார் உப்பு என்று கேட்கக் கூடாது. தார்ப்பாயை இழுத்து மூடும்போது ஒவ்வொருத்திக்கும் ஓர் இடம் உண்டு. மழைக்காற்று முட்டுகிற மேற்கு மூலை என்னுடையது. கல் வைத்து முடிக்கிற வரை அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். என் மூலையை வேறு யாரும் தொட மாட்டார்கள். நானும் தொட விட்டதில்லை.

இந்த வேலை எந்தக் கணக்கிலும் வருவதில்லை, உப்பின் விலையில் இதுவும் சேர வேண்டும் என்று மருமகள் எழுதினாள். கேள்வி கேட்கிற பெரிய வாத்தியார் வெளியூரில் இருந்ததால் அது கம்ப்யூட்டர் வழியாகத்தான் என்று முடிவாயிற்று.

எங்கள் வீட்டில் டவர் கிடைக்காது. பின்பக்கம் இடுப்பு உயரச் சுவரை ஒட்டித் துணி துவைக்கிற கல் இருக்கிறது. அதன் மேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்தால் கிடைக்கும். கம்பில் கட்டிப் பார்த்தோம், காற்றுக்குத் திரும்பிக்கொண்டு போயிற்று. மகனுக்குச் சென்னையில் வேலை. பேத்தி லீவுக்குத் திண்டிவனம் போயிருந்தாள். ஆக, நான்தான் கல் மேல் ஏறினேன். ஜன்னலுக்கு உள்ளே லேப்டாப், அதற்கு நெட் கொடுக்கிற போனோடு வெளியே நான். "நீங்க வாயே தொறக்கக் கூடாது அத்தை, எல்லாம் அங்க கேக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போயிற்று. எனக்குப் பாதி புரிந்தது, பாதி இங்கிலீஷ். கை கடுத்தது. மாற்றிப் பிடித்தேன். நிமிர்ந்தால் மேற்கே கறுத்திருந்தது.

எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. சும்மா போய்விடும் மேகமாக இருக்கக் கூடாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். காற்று திரும்பியது. மண் வாசம் வந்தது. உள்ளே அந்த வாத்தியார் தமிழிலேயே கேட்டார்.

"கூலி இல்லாம, அடுத்தவங்க உப்பைக் காப்பாத்த எல்லாரும் ஓடுவாங்கன்னு எழுதியிருக்கீங்க. நம்பற மாதிரி இல்லையேம்மா."

மருமகள் என்னவோ சொன்னாள். குரல் இறங்கிப் போயிருந்தது. அதே நேரம் அளத்தில் குரல் கொடுத்துவிட்டார்கள். தெருவே எழுந்து ஓடியது. எதிர்வீட்டுக்காரி சுவரோரம் நின்றாள். தார்ப்பாய் பிடிக்கும்போது என் பக்கத்து இடம் அவளுக்கு.

"யக்கா, மழ கட்டிகினு வருது, கண்ணு தெர்ல?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"செல்லைத் தூக்கிகினு இன்னா பண்ற, போட்டோ புடிக்கிறியா?"

அதற்கும் நான் பேசாமல் நிற்க, அவள் முகம் மாறிவிட்டது. கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பின்னால் வந்தவளிடம் சொல்லிக்கொண்டே ஓடினாள். பதில் நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கினேன். என் ஆயுசில் ஒரு பேச்சுக்குப் பதில் பேசாமல் விட்டது அன்றைக்குத்தான்.

தூறல் விழுந்தது. முந்தானையைப் போன் மேல் போர்த்திப் பிடித்தேன். கல்லிலிருந்து குவியல் நன்றாகத் தெரிந்தது. தார்ப்பாயின் மேற்கு மூலை மட்டும் எழும்பி எழும்பி அடித்துக்கொண்டது. நான் வந்துவிடுவேன் என்று யாரும் அதில் கை வைக்கவில்லை. வழியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கால் கல்லிலிருந்து இறங்கியே விட்டது. டவர் போயிற்றோ என்னவோ, உள்ளே மருமகள் "ஹலோ, ஹலோ" என்றாள். காலை மேலே எடுத்துக்கொண்டேன்.

என்ன சத்தம் என்று வாத்தியார் கேட்டிருக்கிறார். உப்பு மூட ஓடுகிறார்கள் என்று சொல்லி, மருமகள் லேப்டாப்பைத் தூக்கி ஜன்னலில் வைத்துக் காட்டினாள். அவர் உற்றுப் பார்த்திருக்கிறார். பிறகு கேட்டார்.

"எல்லாரும் ஓடுறாங்க, சரி. நடுவுல ஒரு அம்மா நனைஞ்சுகிட்டு நிக்கிறாங்களே, அவங்க யாரு?"

"எங்க அத்தை சார். அவங்க நின்னாதான் நான் உங்ககிட்டப் பேச முடியும்."

"அப்ப எல்லாரும் ஓடுவாங்கன்னு நீங்க எழுதினது தப்பும்மா."

ஓடியிருந்தால் டவர் போயிருக்கும். நின்றதால் அவள் எழுதினது பொய்யாகப் போயிற்றே என்று தவித்தேன். அதற்கப்புறம் பேசினதெல்லாம் இங்கிலீஷ். மழை வேறு வலுத்துவிட்டது. ஒன்றும் விளங்காமல் தெப்பமாக நனைந்து நின்றேன்.

மருமகள் அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

"பூட்ச்சா?" என்றேன்.

"இல்ல அத்தை, பாஸு. அந்த ஒரு வரிய மட்டும் திருத்தணும்."

போனை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் மழை விட்டிருந்தது. என் மூலைப் பக்கம் குவியல் கரைந்து பள்ளமாகியிருந்தது. ஒருத்தியும் என்னிடம் பேசவில்லை. நானாகப் போய்க் காரணம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நாள் அப்படியே போயிற்று. அடுத்த மழைக்கு நான் ஓடும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மருமகள். அதுவரை அளத்தில் கால் வைக்காதவள், என்னோடு சேர்ந்து அந்த மூலையை அழுத்திப் பிடித்தாள். அன்றைக்கு நடந்ததை எல்லோருக்கும் அவளே சொன்னாள். எதிர்வீட்டுக்காரி கேட்டுவிட்டு, "இதுக்குத்தான் ஊமச்சி மாதிரி நின்னியா?" என்றாள். அதோடு பேச்சு வந்துவிட்டது.

பைண்டு பண்ணி வந்த ஆராய்ச்சிப் புத்தகத்தில் 'எல்லோரும் ஓடுவார்கள்' என்பது, 'அநேகமாக எல்லோரும்' என்று மாறியிருக்கிறது. அந்தச் சொல்லை எனக்கு விரல் வைத்துக் காட்டினாள். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். இப்போதும் மேற்கே கறுத்தால் என் மனசு ஒரு நிலையில் இருப்பதில்லை. ஓடுகிற காலோடுதான் நான் பிறந்தேன், ஆனால் ஒரு தடவை ஓடாமல் நின்றதுதான் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. சரி கண்ணு, எழுதினது போதும். மொதல்லேருந்து படி, ஆயா கேக்குறேன்.