ஆரோக்கியம் காரும் ஓடிப்போன காத்தும்

டர்போ வண்டி ரிப்பேர்ங்கிறது, கண்ணுக்குத் தெரியாத காத்தைப் பிடிச்சு வச்சு விசாரிக்கிற வேலை. கிரீஸ் கையோட மண்டையைச் சொறிஞ்சவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

தனியா போனா நல்ல பிள்ளை

தலைச்சோலை ஆரோக்கியம் தன் டீசல் கார்ல எஸ்டேட் பிள்ளைகளை ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறவர். மேட்டுல வண்டி இழுக்காம தினமும் லேட்டு. திங்கட்கிழமையும் லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு பெத்தவங்க சொல்லிட்டாங்க. அவர் ஊட்டுல அடுப்பெரியறதே அந்த ட்ரிப்லதான்.

சனிக்கிழமை வண்டி என்கிட்ட ரிப்பேருக்கு வந்தது, நான் தனியா ஓட்டிப் பார்த்தேன். சனியன், குதிரையாட்டம் ஏறுது! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆரோக்கியம் முகம் சுண்டிப்போச்சு.

"ஏனுங்கண்ணா, உங்களைக் கண்டா மட்டும் இது பயப்படுதுங்களே!"

சோப்புத் தண்ணி

டர்போ அழுத்தி அனுப்புற காத்து என்ஜினுக்குப் போற வழியில எங்கயோ கசியுது, சந்தேகமே இல்லை. குழாய்க்குள்ள காத்தடிச்சு, வெளியே சோப்புத் தண்ணி தடவினேன். ஒரு குமிழிகூட வரலை. மறுபடி தடவினேன், சாயங்காலமே ஆயிடுச்சு. விடுறதா இல்லை. கம்பரசர் கொடுத்த பஞ்சர் கடை முருகேசனுக்கு ஒரே சிரிப்பு.

"காரு குளிச்சு முடிச்சிருச்சுங்க, சாம்பிராணி போடுங்க!"

பூசை முடிஞ்சு வந்த பாரம்

பாரம் இல்லாம இது வாயைத் திறக்காதுன்னு அப்புறம்தான் உறைச்சுது. ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல வண்டியைப் போட்டு, பூசை முடிஞ்சு வந்தவங்களை, "கரடியூர் போயிட்டு வரலாம் வாங்க"ன்னு கார் நிறைய ஏத்தினேன். முன்சீட்டுல ஆரோக்கியத்தோட சம்சாரம் ஸ்டெல்லா, பின்னாடி நெருக்கியடிச்சு ஆரோக்கியம். மேட்டுல மிதிச்சேன். 'புஸ்ஸ்'னு சத்தம், கரும்புகை, வண்டி முனகிட்டே நின்னுடுச்சு. அப்பாடா, மாட்டுனியாடா மவனே! சந்தோஷத்துல கத்தியே விட்டேன். ஸ்டெல்லாவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்தது.

"வண்டி நின்னதுக்குச் சந்தோஷப்படறீங்களே, நாங்க பொழைக்கறதா வேண்டாமுங்களா?"

குழாய் வாயில வாசனை

அங்கயே பானட்டைத் தூக்கினேன். காத்துப் போற ரப்பர் குழாய், கிளிப் இறுக்கமா இருந்தும் வழுக்கி வெளியே வந்திருந்தது. உள்ளே விரலை விட்டு மோந்து பார்த்தா, தேங்காய் எண்ணெய்! பாரம் ஏறி அழுத்தம் கூடினா நழுவாம என்ன செய்யும்? இத்தனை நாள் லேசா நழுவிக் கசிஞ்சு, அழுத்தம் குறைஞ்சதும் பழையபடி உக்காந்துக்கிச்சு, இன்னைக்குத்தான் முழுசா வந்துடுச்சு. நல்லாத் துடைச்சு, முழுசா மாட்டி, கிளிப்பை இறுக்கினேன். அதே பாரத்தோட வண்டி ஜம்முனு ஏறுச்சு. ஸ்டெல்லா மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாங்க.

"ஃபில்டரைத் தொடைக்கறப்பக் குழாயைக் கழட்டுனனுங்க, திரும்ப மாட்டையில ஏற மாட்டேன்னுச்சு, நொம்ப இல்லீங்க, ஒரு சொட்டு எண்ணெய்தான் தடவுனேன்."

திங்கட்கிழமை பிள்ளைகள் பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்க. என் தொழில்ல பாதி நேரம் வண்டிக்கு என்ன கேடுன்னு தேடுறதுல போகுது, மீதி நேரம் ஓனர் அதுக்கு என்ன உபகாரம் பண்ணாருன்னு கேக்கறதுல போகுது.