ஆம்புலன்ஸுக்கு முன்னால் நிரப்பிய பள்ளம்

டிப்பர் லாரி பின்பக்கத்தைத் தூக்கிக் கல்லைச் சரிக்கும்போது முதலில் ஒரு உறுமல், அப்புறம் மொத்தமாக ஒரு இரைச்சல், அதற்குப் பிறகு பல்லில் நறநறவென்று கல்தூசி... டிப்ளமோ முடித்து ராஜபாளையத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராகச் சேர்ந்த புதிதில், அந்தச் சத்தத்துக்காகத் தவம் கிடந்திருக்கிறேன்.

மகாராஜபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. ரோட்டிலிருந்து உள்ளே இருக்கும் வீடு வரை ஜல்லிப்பாதை போட வேண்டும். தோப்புக்காரர் வேலுச்சாமி. முந்தின மழையில் அவர் மனைவிக்கு நெஞ்சுவலி வந்து, ஆட்டோ சேற்றில் சிக்கி, கட்டிலோடு ரோடு வரை தூக்கிப்போனார்களாம். அந்தம்மா பிழைத்துக்கொண்டார். இப்போது மகள் கவிதா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"எம்மா, ஆம்புலன்ஸு வாசல்ல வந்து நிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

டேப் பிடித்தேன். நீளம் இருநூறு அடி, அகலம் பத்தடி, கனம் அரையடி. ஆயிரம் கன அடி, அதாவது பத்து யூனிட். ரோலர் ஏறினால் ஜல்லி அமுங்கும் என்பதால் கால்பங்கு கூடுதல். கணக்கு சுலபம்... மண்தான் சுலபமில்லை.

பாதைக்கு நடுவே வாய்க்கால் கசிவு நிற்கும் தாழ்ந்த இடம். கடப்பாரையை ஊன்றிக் கையை எடுத்தேன். அது தானாகவே இறங்கியது. அங்கே வெறும் ஜல்லியைக் கொட்டினால் களிமண் விழுங்கிவிடும். முழங்கால் ஆழத்துக்கு மண்ணை வாரிவிட்டு, பெரிய கல் நிரப்பி, அதன்மேல்தான் ஜல்லி போட வேண்டும் என்றேன்.

"எம்புட்டுக் கல்லுத்தான் திங்கும் இந்த எடம்?"

"வயிறு நெறையுற வரைக்கும்யா."

சிரித்துக்கொண்டே சம்மதித்தார். தோண்டினோம். தோண்டி முடித்த அன்று குவாரியில் வேலை நின்றுபோனது. கல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வீட்டுக்கு இருந்த ஒரே பாதையின் குறுக்கே பள்ளம் வாயைப் பிளந்து கிடந்தது. மேற்கே மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ரோட்டுக்குப் போவேன், ராஜபாளையம் திசையைப் பார்ப்பேன், திரும்புவேன். எதிரே இடுப்பைப் பிடித்தபடி கவிதாவும் நடந்து வருவாள். என் வயதுதான்.

"ஏட்டி ஜெயா, என்னைய டாக்டர் நடக்கச் சொன்னாரு. ஒன்னைய யாரு சொன்னா?"

"எனக்கும் நாள் நெருங்குதுல்லா" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரு காலையில் இரண்டு டிப்பரும் வந்தேவிட்டன. ஒன்றில் பெரிய கல், ஒன்றில் ஜல்லி. ரோலர் மட்டும் மதியம்தான் வரும். கல்லைச் சரித்து அடுக்கத் தொடங்கியிருப்போம்... வீட்டிலிருந்து கவிதாவின் அம்மா ஓடி வந்தார்.

"பிள்ளைக்கு வலி எடுத்துட்டு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு."

டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. அதே நேரம் தூறலும் விழுந்தது. வேலுச்சாமி பள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பக்கத்து வயலில் களையெடுத்த பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். தேங்காய் வெட்ட வந்தவர்களும் இறங்கி வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. கல் கை மாறிக் கை மாறிப் பள்ளத்துக்குள் போனது. இடுக்குகளில் ஜல்லியை வாரிக் கொட்டினோம். பள்ளம் நிரம்பியது. ஆனால் அழுத்த ரோலர் இல்லை. ஜல்லி டிப்பரில் இன்னும் பாதிக்கு மேல் லோடு இருந்தது.

"முருகேசண்ணே, வண்டிய இதுமேல முன்னையும் பின்னையும் ஓட்டுங்க" என்றேன் டிரைவரிடம்.

"மேடம், எறங்கிச்சுன்னா கிரேன் வச்சுத்தான் தூக்கணும். ஓனருக்கு யாரு பதில் சொல்ல?"

"ஒங்க வண்டி எறங்குற எடத்துல அந்தப் பிள்ளைய எப்படிண்ணே கொண்டு போக?"

அவர் வீட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார்.

பின்சக்கரம் கல்மேல் ஏறியதும் ஒரு சாண் இறங்கியது. கற்கள் ஒன்றோடொன்று உரசி முனகின... வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, தாண்டிப் போனது. இறங்கிய இடத்தில் மறுபடி கல் போட்டோம். மறுபடி ஓட்டினார். மறுபடியும். கடைசியில் சக்கரத் தடமே பதியவில்லை. அவசரமாக மேலே ஜல்லியைப் பரப்பினோம். முருகேசண்ணன் வண்டியை ரோட்டோரம் ஒதுக்கினார்.

அப்போது சைரன் கேட்டது.

உள்ளே போகும்போது ஆம்புலன்ஸ் காலியாகப் போனது, பெரிதாகப் பயமில்லை. கவிதாவோடு திரும்பி வரும்போதுதான் குனிந்து அதன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி அந்த இடத்தில் லேசாகக் குலுங்கியது. அவ்வளவுதான். ரோட்டில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திரும்பியது. முருகேசண்ணன் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

சாயங்காலம் வேலுச்சாமி போன் செய்தார். "பொம்பளப் பிள்ள. ரெண்டு உசுரும் சொகம்." பிறகு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இப்போது எனக்குச் சொந்தமாக ஆபீஸ் இருக்கிறது. நீள அகலத்தைச் சொன்னால் போனே எத்தனை யூனிட் என்று காட்டிவிடுகிறது. லாரி எந்த வளைவில் வருகிறது என்பதும் அதிலேயே தெரிகிறது. மதில் சுவருக்குள் வேலை, வாசலில் வாட்ச்மேன். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே வேலையை முடித்து வந்துவிடுகிறோம்.

நேற்று தேவதானத்தில் ஒரு வீட்டுக்கு ஜல்லி வர வேண்டியிருந்தது. லாரி சேத்தூர் தாண்டிவிட்டதை ஸ்கிரீனில் பார்த்தேன். வானத்தில் ஒரு மேகமில்லை. யாருக்கும் எந்த அவசரமும் இல்லை.

ஆனாலும் செத்த நேரத்தில் எழுந்து, ரோட்டுக்கு நடந்துபோய் நின்றுகொண்டேன்...